தூண்டில் நரம்பு சுற்றிய காலம்

தூண்டில் விற்கிறவனிடம் மீன் கிடைக்காதவன்தான் திரும்பி வருவான். கிடைத்தவன் நேராக வீட்டுக்குப் போய்விடுவான். சைக்கிள் கடையோ ரேடியோ ரிப்பேர் கடையோ வைத்து அவதிப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல. எழுபதுகளில் அம்பத்தூர் ஏரிக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. முள், தக்கை, ஈயக்குண்டு, நைலான் நரம்பு எல்லாம் உண்டு. நரம்பைக் கட்டையில் சுற்றித் தருவதும் என் வேலை. பெரிய உருளையைக் கம்பியில் மாட்டி உருளவிட்டு, ஈரத் துணிக்குள் நரம்பை இழுத்துச் சுற்ற வேண்டும். உருளையைத் தரையில் கிடத்தி வளையம் வளையமாக உருவினால் முறுக்கு ஏறி, தண்ணீரில் சிக்கலாகிவிடும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எருமையை இழுக்கும் நரம்பு

குமணன்சாவடியிலிருந்து ஒரு லாரி டிரைவர் வருவார். இருப்பதிலேயே தடித்த நரம்புதான் வேண்டும் என்பார். இந்த ஏரியில் உள்ளங்கையளவு கெண்டைதான் அதிகம், இது எருமையைக் கட்ட ஆகும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சின்ன மீனு மாட்டும்னு நெனச்சிகினு எவன் நைனா தூண்டி போடுவான்?"

வார்னிஷ் குளித்த நரம்பு

கன்னியப்பன் என்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர். என் சுற்றல் தொளதொளவென்று இருக்கிறதாம். நரம்பை வாங்கிக்கொண்டு போய், வேலை நேரத்தில், காயில் சுற்றும் மெஷினிலேயே அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். காயிலுக்குச் செய்கிற கைப்பழக்கத்தில் வார்னிஷில் முக்கி, அடுப்பில் வேறு காயவைத்துவிட்டார். கொண்டுவந்து காட்டினார். கண்ணாடி மாதிரி மின்னியது, நுனியைக் கூடப் பிரிக்க முடியவில்லை. இதை எப்படி ஏரியில் வீசுவது என்று கேட்டேன். "எங்க வேலையில சுத்துனது அவுந்தா மெமோ குடுப்பாங்க அண்ணாத்தே."

மின்வெட்டு

அப்புறம் மின்வெட்டு வந்தது. கன்னியப்பனின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் ஏரிக்கு வந்தவர்களால் என் கடையில் மட்டும் கூட்டம். ஊரில் கரண்ட் போனால் எனக்கு யோகம். கன்னியப்பன் வீட்டில் விஷயத்தைச் சொல்லவில்லை. வழக்கம்போல டிபன் கேரியரோடு கிளம்பி ஏரிக்கு வருவார். கிடைத்த மீனை, கூட வேலை செய்கிறவன் கொடுத்தான் என்று வீட்டில் கொடுப்பார். வீட்டில் அரிசி மட்டும் இருந்தது. குழம்புக்கு அவர் தூண்டில்தான் வழி.

அதற்கு என்னிடம் புது நரம்பு வாங்கி, உருளையைத் தரையில் போட்டு அவரே உருவிச் சுற்றினார். வீசிய வேகத்தில் அது இடியாப்பம் மாதிரி சுருண்டது. மாட்டிய விரால் அறுத்துக்கொண்டு போனது. வெறுங்கையோடு கடைக்கு வந்தவரைப் பார்க்க எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கொடுங்கள், நான் சுற்றித் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "எத்தினி மோட்டார் கட்ன கை இது. உன் நரம்பு சரியில்லன்னு சொல்லு."

விடியற்காலை வந்த அம்மாள்

மறுநாள் கடை திறக்கும்போதே ஒரு அம்மாள் நின்றிருந்தார். கன்னியப்பனின் மனைவி என்றார். முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சிக்கல் நரம்பை எடுத்தார். கணவர் எழுந்திருப்பதற்குள் சுற்றிக் கொடுத்தால் அவர் பையில் திரும்ப வைத்துவிடுவாராம். நேற்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லையாம். சிக்கலை எடுத்து, ஈரத் துணியில் இழுத்துச் சுற்றிக் கொடுத்தேன். அவர் ஏரிக்கு வருவது எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன். "வேலைக்குப் போன ஆளு கையில புழு நாத்தம் அடிச்சா தெரியாதாண்ணே? நான் வந்தத சொல்லிடாத. அவரு பாட்டுக்கு வேலைக்குப் போய்கினே இருக்கட்டும்."

கன்னியப்பனின் ஜெயம்

அன்று சாயங்காலம் கன்னியப்பன் முழங்கை நீளத்துக்கு ஒரு விராலோடு வந்தார். தன் சுற்றல் ஒரு ராத்திரியில் படிந்துவிட்டது, இதையெல்லாம் என்னைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

தொழிற்சாலை திறந்ததும் சொல்லிக்கொண்டு போக வந்தார். கிளம்பும்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத்தினி நாளா இங்க கெடந்தேன்னு எங்கூட்டுக்காரியாண்ட சொல்லிடாத அண்ணாத்தே. அவ ஒண்ணும் தெரியாதவ, மனசு ஒடிஞ்சிடுவா."

தூண்டில் கடை வைக்க மீன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, யார் வந்து கேட்டாலும் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.