ஆன்ஸர் அக்கா டேலி பார்த்த கணக்கு

கண் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பவளுக்கு மாலைப் பள்ளியில் வேறு பெயர். பரீட்சை முடிந்ததும் எல்லோருக்கும் விடை சொல்வதால் அங்கே அவள் ஆன்ஸர் அக்கா. பகலெல்லாம் நோயாளிகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நான் சொல்கிறவரை திறக்கக்கூடாது என்று அதட்டுவது அவள் வேலை. பெரிய பெரிய ஆபீசர்கள்கூட வாயைத் திறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அதிகாரத்தின் ருசி சாயங்காலம் வகுப்புக்கு வந்த பிறகும் அவளை விடவில்லை.

பத்தாவதோடு நின்று, கல்யாணமாகி, பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகு பன்னிரண்டாவது எழுத வந்தவள் அவள். மாலைப் பள்ளியில் எல்லோர் கதையும் ஏறக்குறைய அதேதான். இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து, யார் எந்தப் பாடத்தை ஏன் எடுத்தார்கள் என்று ஆரம்பித்தால் பேச்சு ஓயாது. லாரி ஓட்டும் அண்ணன் புவியியல் எடுத்திருந்தார். ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அதைவிடச் சுலபம் எது என்று நினைத்தாராம். புத்தகத்தைத் திறந்தால் காற்றழுத்தமும் எரிமலையும்தான், ஒரு ரோடுகூட இல்லை என்று புலம்புவார். அழகு நிலையம் நடத்தும் பெண்ணோ, மார்க்கை அள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வெளிநாட்டு மொழியில் போய் மாட்டிக்கொண்டாள். வருஷம் முடியப்போகிறது, 'எனக்குப் பசிக்கிறது' என்பதைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

இவர்களுக்கு நடுவில் சின்னவள் பன்னு. பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடும் வேலை பார்த்துவிட்டு அப்படியே ஓடிவருவாள். அவள் வந்து உட்கார்ந்தால் வகுப்பே ரொட்டி மணக்கும். அதனால் வந்த பெயர். தாய்மொழிப் பாடம் என்றால் அவளுக்கு உயிர். கட்டுரை எழுதச் சொன்னால் தாளுக்கு மேல் தாள் கேட்டு வாங்குவாள். கணக்கைக் கண்டால்தான் நடுக்கம். வரலாறு எடுக்க இருந்தவளை, "கணக்கு எடு, நான் இருக்கேன்ல" என்று இழுத்துவந்தது ஆன்ஸர் அக்கா. தனியாகக் கணக்கு வகுப்பில் உட்கார அவளுக்கே பயம். அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

வருஷ நடுவில் பன்னு கணக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஒரு மாதத் தேர்வில் அக்காவையே தாண்டினாள். அக்கா சிரித்த முகமாக முதுகில் தட்டிக்கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றும் முன்பே பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தாள்.

பொதுத்தேர்வு வந்தது. பாஸ் செய்தால் பின்கட்டிலிருந்து கடையின் முன்பக்கத்துக்கு மாற்றுகிறேன் என்று பன்னுவின் முதலாளி சொல்லியிருந்தார். தேர்வு நாட்களுக்கு லீவும் கொடுத்திருந்தார். ஆனால் இந்த ஒரு தடவைதான், அடுத்த வருஷம் லீவு என்று வந்து நிற்கக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் பரீட்சை கணக்கு. முடிந்ததும் வழக்கம்போல் எல்லோரும் கேட்டுக்கு வெளியே ஆன்ஸர் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் விடை சொல்ல, மற்றவர்கள் தங்கள் விடையும் ஒத்துவருகிறதா என்று டேலி பார்க்க வேண்டும். அதுதான் பழக்கம். அன்று முதலில் ஆரம்பித்தது பன்னு. அவள் சொன்ன முதல் விடை அக்காவின் விடையோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவதும் இல்லை. பெரிய கணக்குகள் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. பன்னுவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. ஆன்ஸர் அக்காவுக்கோ நெஞ்சுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. கேள்வித்தாளைக் கொண்டா பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"போச்சுடி. எல்லாம் தப்பு. கணக்குல நீ தேற மாட்டே" என்றாள்.

பன்னு கேள்வித்தாளைப் பையில் திணித்தாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். ஒரு போன் போட்டுத் தேற்றலாமா என்று அக்கா நினைத்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்தது தாய்மொழித் தேர்வு. மணி அடித்தும் அக்காவுக்கு நேர் முன்னால் இருந்த பெஞ்சு காலியாகவே இருந்தது. அது பன்னுவின் இடம். கண்காணிப்பாளர் தாளைக் கொடுத்துக்கொண்டே வந்து, அந்தக் காலி பெஞ்சுக்குரிய தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதன் மூலையில் 'பி' என்று இருந்தது. அக்காவின் தாளில் 'ஏ'. என்ன இது என்று கேட்டதற்கு அவர் சலித்துக்கொண்டார். முன்னாலும் பின்னாலும் உட்காருகிறவர்கள் காப்பியடிக்காமல் இருக்கத்தான் இரண்டு விதமான தாள், முதல் நாளே சொன்னோமே என்றார்.

"சார், கணக்குக்குமா?"

"கணக்குக்குத்தான் முக்கியமா. எண்ணெல்லாம் மாத்திதான் கொடுத்தோம்."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. வேறு கேள்விக்கு வேறு விடை. அதை வைத்துக்கொண்டு ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. அரை மணி நேரத்துக்கு முன் யாரையும் வெளியே விட மாட்டார்கள், அதற்குப் பிறகு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். அவள் பேனாவைப் பிடித்தபடி முன்பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரைக்கு 'நான் பார்க்கும் வேலை' என்று கேட்டிருந்தார்கள். பன்னு இருந்தால் இந்நேரம் கூடுதல் தாளுக்குக் கை தூக்கியிருப்பாள்.

தாளைக் கொடுத்துவிட்டு நேரே பேக்கரிக்குப் போனாள். பின்கட்டில், மாவு படிந்த மேசை முன்னால் பன்னு நின்று ரொட்டிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். பாக்கி லீவை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். தேறாத பரீட்சைக்கு லீவு எதற்கு என்று கேட்டாள். அக்கா மூச்சிரைக்க ஏ, பி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். உன் விடையெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும் என்றாள். பன்னுவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த ரொட்டியை எடுத்தது.

தெரியாமல் நடந்துபோச்சு என்று சொல்லத்தான் அக்கா வந்திருந்தாள். வழியெல்லாம் அதையே ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"நீ தப்பு தப்பா சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சுடி. அதனாலதான் பேப்பரைக்கூட வாங்கிப் பாக்கல."

பன்னு உறையின் வாயை மடித்து ஒட்டினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"தெரியும்க்கா. உங்க முகத்துலயே தெரிஞ்சுது. அதப் பாத்துட்டுத்தான், அப்ப நிஜமாவே எனக்குப் போயிடுச்சுன்னு நம்பினேன்."