தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் கட்டிய இயங்குதளம்

கணினிக்கான இயங்குதளத்தை இரண்டு விதமாகப் பெறலாம். யாரோ ஆக்கி வைத்த பொதியை இறக்கிப் போடுவது ஒன்று. அது எழுதப்பட்ட மூலநிரலை எடுத்து, நம்முடைய இயந்திரத்துக்கு ஏற்றபடி வீட்டிலேயே கட்டிக்கொள்வது மற்றது. இரண்டைப்பற்றியும் நிறைய வாசித்திருந்தேன். மழையில் அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்ந்த கிழமையின் சனிக்கிழமை காலை, இரண்டாவது வழியில் இறங்கினேன்.

மனைவி மனைப்பொருளியல் ஆசிரியை. திங்கட்கிழமை தவணைப் பரீட்சை. அவருடைய வினாத்தாள் எங்கள் வீட்டுக் கணினியிலேதான் அச்சாக வேண்டும். கடைசி வினாவை அவர் இன்னும் எழுதவில்லை.

"உது ஏன் இப்ப? கொம்பியூட்டர் நல்லாத்தானே ஓடுது?"

"நீர் கறித்தூளைப் பைக்கற்றில வாங்குறனீரோ?" என்று கேட்டேன். "மல்லி, மிளகாய் எல்லாம் வறுத்து மில்லில குடுத்துத்தானே அரைப்பிக்கிறனீர்? இதுவும் அப்பிடித்தான்."

"சரி, என்னவோ செய்யுங்கோ. நாளைக்குப் பின்னேரம் எனக்குத் தாள் அடிக்கவேணும்."

ஞாயிறு பின்னேரம் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. இயங்குதளம் கட்டி முடிந்திருந்தது. ஆவணங்களைத் திறக்கும் மென்பொருள் மட்டும் பாதியில் நின்றது. மழைக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் அது முதலிலிருந்து தொடங்கியது.

"இஞ்சருங்கோ, என்ர தாள் எங்க?"

"பென் டிரைவில பத்திரமா இருக்கு."

"அதைத் திறந்து தாங்கோவன்."

"திறக்கிற மென்பொருள்தான் இப்ப கட்டுப்படுது."

"அப்ப பழசில திறவுங்கோ."

"பழசை அழிச்சுப்போட்டுத்தான் தொடங்கினனான்."

மனைவி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"புதுத்தூள் அரைக்கப்போறன் எண்டு, போத்தலில கிடக்கிற தூளைக் கொட்டிப்போட்டே நான் மில்லுக்குப் போறனான்?"

திரையில் ஓடிய எழுத்துகளைக் காட்டினேன்.

"இது எங்கட மெசினுக்கெண்டே அளவெடுத்துக் கட்டினது. கட்டி முடிஞ்சா நல்ல வேகமா ஓடும்."

"ஓடுறது கிடக்கட்டும். முதல்ல எழும்பி நிக்கட்டும்."

கட்டுமானத்தை நிறுத்தினேன். அதே மென்பொருளைத் தயார்ப் பொதியாக இறக்கிப் போட்டேன். மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் தாள் திரையில் இருந்தது.

"உது முதலே இருந்ததோ?"

"இருந்தது."

"பிறகென்னத்துக்கு ரெண்டு நாள் சட்டி காயவைச்சனீங்கள்?"

ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் உள்ள சுகத்தை விளக்கத் தொடங்கினேன். இன்றும் அந்தச் சுகத்தின் பக்கம்தான் நான். மனைவி அதற்குள் கடைசி வினாவைத் தட்டச்சிட ஆரம்பித்திருந்தார். கரண்ட் போவதற்கு முன் அச்சிட்டுவிட வேண்டும் என்ற அவருடைய பதற்றத்தில் என் விளக்கம் எடுபடவில்லை.

அச்சாகி வந்த முதல் தாளை எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் நீட்டினார். கடைசி வினா இப்படி இருந்தது: 'கடைகளில் வாங்கக்கூடிய தயார்நிலை உணவுப்பொருட்களால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நன்மைகள் ஐந்து தருக.'

"அஞ்சு வராது. கூடினால் மூண்டு," என்றேன்.

"படிச்ச பிள்ளையள் எழுதுவினம்," என்று சொல்லி, மிச்சத் தாள்களை அச்சுக்கு விட்டார்.