ஜப்பான் வேலை நேர்முகத்துக்கு எத்தாளையிலிருந்து சிலாபம்

சனிக்கிழமை காலை 5.20க்கு எத்தாளை பஸ் நிறுத்தத்தில் நின்றது மூன்று பேர்: நான், என் கணவர், என்னோடு போனில் ஜப்பான் மொழி படிக்கும் ரீட்டா. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ரீட்டாவுக்கும் எனக்கும் சிலாபத்தில் நேர்முகம். அதிகாலை ஸுபஹ் தொழுத பின் தினமும் ஒரு மணித்தியாலம், எட்டு மாதம் படித்த படிப்பு. இதே நேர்முகத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பாலாவி வரை 24 கிலோமீற்றர், ஆளுக்கு 110 ரூபாய். 6.15க்கு இறங்கினோம். சிலாபம் பஸ் 6.35க்கு வந்தது, 46 கிலோமீற்றர், 190 ரூபாய். பாடக் கொப்பியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் நின்று பார்த்தார். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள்.

"என்ன தாத்தா, பஸ்ஸுக்குள்ளயும் ஓதுறீங்களா?"

"ஓதல்ல தம்பி. ஜப்பான் பாஷை."

"அங்க கண்டக்டர் வேல ஈந்தா எனக்கும் சொல்லுங்க. இந்தச் சனத்தோட ஏலா."

ரீட்டா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொழியில் பயமில்லை; மரியாதை காட்டும் முறையில்தான் சிக்கல். அங்கே இடுப்பிலிருந்து குனிய வேண்டும். வீட்டுக் குசினியில் பழகிப் பார்த்தபோது, குனிந்ததுமே வாய் தானாக, தொழுகையில் குனியும் ருகூவில் ஓதும் தஸ்பீஹ் துதியைச் சொல்லிவிட்டது. அந்தக் குனிவை என் உடம்பு அல்லாஹ்வுக்கு மட்டும்தான் பழகியிருக்கிறது. அன்றோடு நிறுத்தினேன். மற்றவர்களுக்கு நான் சட்டம் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு நேர்முகம். திரையில், முதியோர் இல்லத்திலிருந்து ஒரு ஜப்பானியப் பெண்மணி. ரீட்டா அழகாகக் குனிந்தாள். நான் நெஞ்சில் கைவைத்துத் தலையை அசைத்தேன்.

"குனியுங்க, குனியுங்க," பக்கத்தில் நின்ற ஏஜென்சிக்காரர் குசுகுசுத்தார்.

கொப்பியில் இல்லாத வசனத்தை நானே கோர்த்து, அந்தப் பெண்மணியிடம் ஜப்பான் மொழியில் சொன்னேன்: "தொழுகையில் மட்டும் குனிவேன். உங்களுக்கான மரியாதை இந்தக் கையில் இருக்கிறது."

அவர் யோசித்தார். "ஒரு முதியவருக்குச் சப்பாத்து மாட்ட வேண்டுமென்றால்?"

"தரையில் உட்கார்ந்து மாட்டுவேன். எத்தனை தரமானாலும்."

மொழி நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அந்த இல்லத்தில் குனிவதுதான் வழக்கமாம். மேலிடத்தில் கேட்டு வியாழக்கிழமை முடிவு சொல்வாராம். அதற்குள் நானும் யோசித்து என் பதிலை எழுத வேண்டுமாம். ரீட்டாவை அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "ஒரு செக்கன் குனிஞ்சிருந்தா வேல முடிஞ்சிருக்குமே, புள்ள?"

"ஒரு செக்கனா? அங்க போனா ஒவ்வொரு நாளும்."

அவர் ஒரு கடைப் பக்கம் திரும்பினார். "சரி, சாப்பிடுவம். பசியில சண்ட பிடிக்க ஏலா." பாணும் பருப்பும் மூன்று பேருக்கும் 720 ரூபாய்.

போகிறவர்கள் பாலாவியில் ஆறரைக்கு முன் நில்லுங்கள். பிந்தினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். பத்திரங்களில் இரண்டிரண்டு பிரதி எடுங்கள். கொப்பியைப் பாடமாக்கினால் மட்டும் போதாது. உங்கள் மனதிலுள்ளதைச் சொல்லவும் நாலு வசனம் பழகுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் சகோதரிகளே, நீங்கள் எப்படி மரியாதை காட்டுகிறீர்கள்? நெஞ்சில் கைவைப்பதை ஏற்கிறார்களா? புதன் இரவு நான் பதில் அனுப்ப வேண்டும். அதற்கு முன் எழுதுங்கள்.