ஐந்து பத்துக்குக் கதவடியில் நின்றவர்

முதல் அறிகுறி ஒரு சத்தம். சொல் என்று சொல்ல முடியாத, தொண்டையிலேயே தங்கிவிட்ட ஒரு சத்தம். என் கணவர் அறைக் கதவடியில் நின்று அதைப் போட்டார். பத்து நிமிடம்கூட நிம்மதியாக வாசிக்க விடமாட்டார்களா என்ற எரிச்சலில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். காலை ஐந்து பத்து. அவரைப் பார்க்கவில்லை.

தலையை நிமிர்த்தாமல் இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினேன். "இப்போது வேண்டாம், ஆறு மணிக்குப் பிறகு" என்பது அதன் பொருள். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். அவர் போய்விட்டார்.

பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, அந்தப் பகுதி செயலிழப்பது) வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. ஆறுதல் என்னிடம் அதிகம் கிடையாது. நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

அந்தக் காலை நேரம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக எழுதுவினைஞர். என்னிடம் கோப்பு கட்டப் பழகிய பிள்ளை ஒருத்தி பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, என் பகுதிக்கே பொறுப்பாக வந்தாள். அன்று வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் நின்று அழுதேன். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் முயலவில்லை.

என் கணவர் துறைமுகத்தில் லோஞ்ச் என்ற சிறு இயந்திரப் படகு ஓட்டுபவர். வெளியே நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது வேலை. அழுகிற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழுது என்ன செய்யிறது? நீரும் படியும். காலமைத் தேத்தண்ணிய நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அடுத்த ஞாயிறு, கழித்துப்போட்ட படகுப் பலகையில் ஒரு மேசை அடித்துத் தந்தார். ஒரு கால் கட்டை. அதற்குக் கீழே மட்டைத் துண்டு வைத்தோம்.

அதுவரை நான் வாசித்தது பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கம் மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று தொடங்கினேன். முதல் வாரம் மேசையிலேயே தூங்கி வழிந்தேன். பிறகு தொலைபேசியை அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். மூன்றாம் மாதம் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

வாசிப்பு ஆளை மாற்றும் என்று சொல்வார்கள். பொய்யில்லை. பழைய கடிதத்தைப் பார்த்து எழுதாமல் நானே பதில் எழுதத் தொடங்கினேன். கூட்டங்களில் கேள்வி கேட்டேன். சிக்கலான கடிதம் வந்தால் என் மேசைக்கு அனுப்பினார்கள். நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு முதுகெலும்பு முளைத்தது. அதோடு கர்வமும் முளைத்தது.

அந்தக் கர்வம் போட்ட விதிதான் உள்ளங்கை. மகள் யாழினி பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியைக் காணவில்லை என்று வந்தால் கை உயரும். பல்லி விழுந்தாலும் கைதான். "அம்மா இப்ப ட்ராபிக் பொலிஸ்" என்பாள் அவள். இவரும் சிரிப்பார். ஆனால் அந்த விதியை வீட்டில் மற்ற எல்லோரையும்விட ஒழுங்காகக் காத்தவர் அவர்தான். ஐந்து மணிக்கு வானொலியின் குரலைக் குறைப்பார். முற்றத்தில் யாராவது சத்தமாகக் கதைத்தால், "உள்ளுக்குப் படிக்கிறா" என்று வாயில் விரல் வைப்பார். அன்றைக்கும் அவர் விதியை மதித்தார். கை உயர்ந்தது, திரும்பிப் போனார். என்னால் தாங்க ஏலாமல் இருப்பது அதுதான்.

ஆறு மணிக்குப் புத்தகத்தை மூடினேன். பன்னிரண்டு பக்கம் முடித்த சந்தோஷத்தோடு குசினிக்குள் போனேன்.

சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். வாயின் வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. வலது கை மடிக்குக் கீழே அகப்பட்டுக் கிடந்தது. தேயிலை டின் கவிழ்ந்து, தூள் நிலமெல்லாம் பரவியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தார்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யுது? இஞ்சருங்கோ!"

அவர் பதில் சொல்லப் பார்த்தார். அதே சத்தம் வந்தது. அதை நான் முன்பே கேட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாலையூற்றில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓட்டோ இருந்தது. ஆறரை மணிபோல ஆஸ்பத்திரியில் இருந்தோம். இளம் பெண் மருத்துவர் ஒருவர் நடைபாதையிலேயே கேட்டார்:

"கடைசியா எத்தினை மணிக்கு சுகமா இருந்தவர்?"

யாழினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மணிக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆறு மணிக்குத் தேத்தண்ணி போட்டவர். என்னோட கதைச்சவர்" என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை என்னையே கேட்கிறேன். மகளுக்கு முன்னால் நல்ல மனைவியாக நிற்க ஆசைப்பட்டேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

சி.ரி. ஸ்கான் (தலையின் உட்பகுதியைப் படமெடுத்துப் பார்ப்பது) முடிய, மருத்துவர் வந்து விளக்கினார்.

"மூளைக்குள்ள இரத்தக் கசிவு இல்லை. இரத்தக்கட்டிதான் அடைச்சிருக்கு. அதைக் கரைக்கிற மருந்து இருக்கு. ஆனா வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள குடுக்கோணும். பிந்திக் குடுத்தா அதே மருந்தால மூளைக்குள்ள இரத்தம் கசியலாம். இப்ப பிரஷர் கூடிப்போய் நிக்குது, முதல்ல அதைக் குறைக்கோணும். ஆறு மணி எண்டபடியா பத்தரை வரைக்கும் நேரம் இருக்கு. பயப்பிடாதேங்கோ."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பத்தரை இல்லை. ஒன்பது நாற்பது. அப்போது மணி எட்டு நாற்பது.

மருத்துவர் திரும்பி நாலைந்து அடி போய்விட்டார். சொன்னால் மகள் கேட்பாள். சொல்லாவிட்டால் அந்த மருந்தை நானே நஞ்சாக்கிக் கொடுத்தது போலாகும். வாழ்க்கையில் ஒருநாளும் நான் அப்படி ஓடியதில்லை. நாலைந்து அடிதான், ஆனாலும் ஓடினேன்.

"டொக்டர், ஆறு மணி இல்லை. அஞ்சு பத்து."

"அஞ்சு பத்துக்கு என்ன நடந்தது?"

"கதவடிக்கு வந்து கதைக்கப் பாத்தவர். கதை வரேல்லை. நான் படிச்சுக்கொண்டு இருந்தனான். கையைக் காட்டினனான்."

கையைக் காட்டியது என்றால் என்னவென்று மருத்துவருக்கு விளங்கவில்லை. பின்னால் ஓடிவந்து மறுபடி என் முழங்கையைப் பிடித்த யாழினிக்கு விளங்கியது. என் முழங்கையில் இருந்த அவளுடைய பிடி விட்டுப்போனது.

மருத்துவர் என்னை ஏசவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே விரைந்தார். பிரஷருக்கு ஊசி போட்டு, குறைந்ததும் கரைக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கியபோது ஒன்பது இருபத்தைந்து.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், கதை குழறினால், முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். மருத்துவரிடம் அந்த நேரத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லாதீர்கள்.

உயிர் தப்பியது. ஆறு வாரத்தில் கால் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. கதை வரவில்லை. அபேசியா (மூளைப் பாதிப்பால் சொற்களைச் சொல்லவோ விளங்கவோ முடியாமல் போவது) என்றார்கள். நாங்கள் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. பதில்தான் வரவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். நேராகத்தான் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே தந்துவிட்டார். எழுத்தும் போயிருந்தது. வாசித்துக்கொண்டு இருந்தவள் நான். வாசிக்க ஏலாமல் போனது அவருக்கு.

என் புத்தகங்களைப் பழைய சீலைத் துண்டில் கட்டி அலுமாரியின் அடித்தட்டில் தள்ளினேன். பரீட்சைக்குப் போகவில்லை. அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. தண்டனை அனுபவிப்பவளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

யாழினி கேட்டாள். ஒரு மாதம் தேவைக்கு மட்டும் கதைத்துவிட்டு, ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "அப்பா உங்களைத்தான் அம்மா கூப்பிட்டவர். என்னை எழுப்பியிருக்கலாம். உங்களிட்டத்தான் வந்தவர்." அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டுப் போனாள்.

கிளினிக்குக்குப் போனபோது அதே பெண் மருத்துவரிடம் கேட்டேன். "அந்த ஒரு மணித்தியாலம் வீணாகாட்டி இப்ப கதைச்சுக்கொண்டு இருப்பாரோ?"

"இதைவிடக் கூடச் சுகம் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது அம்மா. இல்லை எண்டு சொல்லி உங்களை அனுப்பலாம். ஆனா எனக்குத் தெரியாததைச் சொல்ல ஏலாது."

அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். பொய் சொன்ன எனக்கு அவர் பொய் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி தருபவரிடம் அனுப்பினார்கள். அவர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம்: ஒவ்வொரு நாளும், ஒரே நேரம், கொஞ்சமாக. பத்து நிமிடம் போதும். சத்தமாக வாசியுங்கள், சொல்லுக்குக் கீழே விரலை வையுங்கள், அவரும் சேர்ந்து சொல்லட்டும், ஒரு நாளும் விடாதீர்கள்.

"எந்த நேரம் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார்.

"பின்னேரம்" என்றேன் அவசரமாக.

என் கணவர் மறுத்துத் தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். பிறகு என்னைச் சுட்டினார். அது குற்றச்சாட்டா, பழைய நேரத்தை எனக்குத் திருப்பித் தருகிறாரா, தெரியவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல ஏலாது.

காலை ஐந்து மணிக்கு அதே மேசையில் இரண்டு கதிரை போட்டோம். சின்ன வகுப்புப் புத்தகம் ஒன்றை வைத்தேன். ஆடு, மாடு, அம்மா, அப்பா. ஒரு பக்கம் பார்த்துவிட்டு, புத்தகத்தை முழங்கையால் ஒதுக்கினார். கப்பல்களுக்குப் பக்கத்தில் லோஞ்சை நிறுத்திய மனிதருக்கு ஆடும் மாடுமா? எழும்பி, காலை இழுத்து இழுத்துப் போய், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து சீலை முடிச்சை வெளியே இழுத்தார். அலுவலக நடைமுறைப் புத்தகம். நான் பரீட்சைக்குப் படித்தது.

எங்களைப் போல அரச விதிகளைக் காலைப் பாராயணமாக்கிய தம்பதி வேறு இருக்கமாட்டார்கள். கோப்புப் பராமரிப்பு, இடமாற்றம், பயணப்படி. நான் வாசிக்க, அவர் முனகினார். பதினோராம் நாள் லீவு பற்றிய அத்தியாயத்துக்கு வந்தோம். என் விரல் நின்ற இடத்தில் அவர் தனியாக ஒரு சொல்லைச் சொன்னார். "லீவு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோணல் சிரிப்பு. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் தன் நல்ல கையால் என் முதுகில் தட்டினார். அது எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

பிறகொரு நாள் ஐந்தரைக்கு யாழினி இரண்டு தேத்தண்ணியோடு கதவடியில் நின்றாள். "உள்ளுக்கு வரலாமோ? ட்ராபிக் பொலிஸ் இருக்கோ?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். முழுதாக மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது.

ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். படிவத்தை நிரப்பும்போது திருடியதைப் போல இருந்தது. வாசிப்பதில் குற்றமில்லை என்று இப்போது நினைக்கிறேன். நினைப்பதும் நம்புவதும் ஒன்றல்ல. என் இடது கை இன்னும் என்னுடையதாகத் திரும்பவில்லை. பஸ்ஸை மறிக்க வலது கையைத்தான் நீட்டுகிறேன். அலுவலகத்தில் யாராவது மேசைக்கு வந்தால், வேலை எப்படி இருந்தாலும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிடுகிறேன். வாய் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன கிழமை நான் எழும்பப் பிந்திவிட்டது. எழும்பிப் பார்த்தபோது அவர் தனியாக மேசையில் இருந்தார். புத்தகம் திறந்திருந்தது. பாதி வந்த வலது கையின் விரல் ஒரு வரியின் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. மருந்துக் குளிசையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனேன்.

"இஞ்சருங்கோ, குளிசை."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அதே கதவடி. அதே மணிக்கூடு. அவர் ஒரு வரியை வாசித்து முடிக்க நான்கு நிமிடம் எடுத்தது. நான்கு நிமிடம் என்பது இவ்வளவு நீளமானது என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. சீமெந்துத் தரையின் குளிர் முழங்கால் வரை ஏறியது. ஐம்பது நிமிடம் அந்தக் குசினி நிலத்தில் இருந்தவரை நினைத்தேன்.

வரி முடிந்தது. அவர் விரலை எடுத்தார். தலையை நிமிர்த்தி, நான் இன்னும் நிற்பதைப் பார்த்தார்.

"என்ன?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஐந்து பத்துக்கு நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு சொல்லைத்தான். குளிசையை நீட்டினேன்.