மூன்று நிமிட நூலகம்

ஒருவருக்கு ஒன்றைச் செய்துகாட்டும் வேலையைப் போல நிம்மதியைக் கெடுக்கும் தொழில் வேறில்லை. மருந்துச் சீட்டை விளக்கிச் சொல்கிறவர்கள், மாமியாருக்கு டிவி ரிமோட்டைப் பழக்கிய மருமகள்கள் எல்லாரும் என் இனம். நான் சொல்வது உங்களுக்குப் புரியும். ஓசூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். செல்போனில் படம் பார்க்கும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை. ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தபோது மேலதிகாரி வந்தார். எனக்குப் பிறகு வேறு ஆள் போடமாட்டார்களாம். வாசகர்கள் தாங்களே புத்தகம் எடுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளப் பழகிவிட்டால் கிளை இருக்கும். இல்லையென்றால் பூட்டிவிட்டுப் புத்தகங்களை வேறெங்காவது அனுப்பிவிடுவார்கள்.

பெங்களூரில் வேலை பார்த்த தங்கை மகள் கொடுத்த சின்னக் கேமரா என்னிடம் இருந்தது. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த டிவியும் சிடி பிளேயரும் நூலகத்தில் இருந்தன. கதவைத் திறந்து மூட கவுஸ் பாய் இருந்தார். நான் போன பிறகு என் வேலையைச் செய்யும் படங்களை எடுக்கலாம் என்று இறங்கினேன். அந்த நான்கு மாதத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நாற்காலியில் உட்கார்ந்த நினைவில்லை.

தலையில்லாத நாயகி

முதல் படம், அலமாரியில் புத்தகம் தேடுவது எப்படி என்பது. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை கட்டி, சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். கவுஸ் பாய் கேமராவைப் பிடித்தார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் கழுத்துக்குக் கீழேதான் இருந்தேன். மறுபடி எடுத்தோம். ஐந்து முறையும் தலை இல்லை.

கை நடுங்குகிறதோ, வயதோ என்று நினைத்து மெதுவாகத்தான் கேட்டேன், "பாய், என் முகம் எங்கே?" அவர் கேமராவை மேஜைமேல் பத்திரமாக வைத்தார்.

"புஸ்தகம் எடுக்கறது கைதானே மேடம்? மூஞ்சி தெரிஞ்சா எல்லாரும் மூஞ்சியத்தான் பாத்துனு இருப்பாங்க."

ஜன்னல் வெளிச்சம்

கழுத்துக்குக் கீழேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தொடக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று எனக்கொரு ஆசை. காலை வெயில் ஜன்னல் வழியே வந்து, புத்தக முதுகுகளில் ஒவ்வொன்றாக ஏறுவதைக் காட்டினேன். பின்னணியில் நானே எழுதிய நாலு வரி. மொத்தம் ஆறு நிமிடம் ஓடியது.

எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் கம்பெனிப் பெண்கள். ஷிப்ட் பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கும். பஸ் வரும்வரை சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். ஹாரன் கேட்டதும் ஓடிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து, அசெம்ப்ளி லைனில் வேலை செய்த செல்வியிடம் படம் எப்படி என்று கேட்டேன். தர்மபுரிப் பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"ஜன்னல் நல்லா இருக்குதுங்க மேடம். புக்கு எப்ப வரும்?"

பதினொரு மாதம்மாள்கள்

வெயிலை வெட்டினேன், கவிதையை வெட்டினேன். படம் மூன்று நிமிடத்துக்கு வந்தது. அடுத்தது உறுப்பினர் படிவம் நிரப்பும் படம். மாதிரிக்கு ஒரு பெயர் வேண்டுமே! "மாதம்மாள், கணவர் பெயர் முனியப்பன், நாட்றாம்பாளையம்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். நாலே நாளில் பெட்டி நிறையப் படிவங்கள். ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. படம் வேலை செய்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டியைத் திறந்தேன். பதினொரு படிவம், பதினொன்றிலும் மாதம்மாள். பதினொருவருக்கும் கணவர் முனியப்பன். எழுத்துகள்கூட என் எழுத்தைப் போலவே உருண்டையாக இருந்தன. என் கண்ணெதிரே படிவம் போட்ட செல்வியும் ஒரு மாதம்மாளாகியிருந்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. படிவத்தை அவள் முன்னால் நீட்டினேன். அவளுக்கு வெட்கமெல்லாம் இல்லை, கோபம்தான் வந்தது.

"கம்பெனில டிவில என்ன காட்டறாங்களோ அதத்தான் செய்யணும் மேடம். சொந்தமா ஒண்ணு சேத்தாலும் லைன்லேர்ந்து எடுத்துருவாங்க. நீங்க காட்டுனதத்தானே எழுதுனோம்?"

சத்தம்

மாதம்மாளை எடுத்துவிட்டு, பெயர் எழுதும் இடத்தைக் காலியாகக் காட்டி அந்தப் படத்தை மறுபடி எடுத்தேன். அடுத்து, பதிவேட்டில் எழுதும் படத்துக்குப் பேசவேண்டியதை ஒன்பது நாள் எழுதினேன். எந்தச் சொல்லும் இடறக்கூடாது, காதில் தண்ணீர் போல இறங்க வேண்டும் என்று வரிவரியாய்த் தட்டிப் பார்த்தேன். அதை முதலில் பார்த்தவர் வெங்கடப்பா. பக்கத்துப் பேரிகை ஊரில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு, வியாபாரிகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ். இலைக்கருகலுக்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று தேடி வந்திருந்தார்.

படம் ஓடத் தொடங்கியதும் எழுந்துபோய் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். ஊமைப் படத்தை இரண்டு தரம் பார்த்தார். பிறகு அலமாரிக்குப் போய்ச் சரியான புத்தகத்தை எடுத்து, பதிவேட்டில் எண்ணும் தேதியும் தன் சொந்தப் பெயரும் எழுதினார். ஒரு பிழை இல்லை. நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏன் சத்தத்தைக் குறைத்தீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க பேசறதக் கேட்டா, கை என்னா பண்ணுதுன்னு புரியலம்மா."

எதிர்க்கடையில் மூன்று டீ

அன்றோடு எல்லாப் படங்களிலிருந்தும் என் குரலை எடுத்துவிட்டேன். கடைசி மாதத்தில் மேலதிகாரி சோதிக்க வந்தார். அவர் மூலையில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பார்ப்பாராம், நான் உள்ளே இருக்கக்கூடாதாம். எதிர்ச் சாரி டீக்கடையில் போய் நின்றேன். மூன்று டீ வாங்கினேன். ஒன்றையும் முழுதாகக் குடிக்கவில்லை. ஷிப்ட் விட்டுக் கூட்டம் உள்ளே போனது. இரண்டு முறை சாலையைக் கடந்து கேட்வரை போய்த் திரும்பினேன். யாராவது ஒருத்தி வெளியே வந்து "மேடம் எங்க?" என்று கேட்டால் கிளை போய்விடும். யாரும் கேட்கவில்லை. கேட்காத ஒவ்வொரு நிமிடமும் நெஞ்சில் எதுவோ இறங்கியது. அதை நிம்மதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தார். ஒரே ஒருவர் தவறான அலமாரிக்குப் போனாராம். செல்வி அவரைத் திருப்பிக் கூட்டிவந்து படத்தை மறுபடி போட்டுக் காட்டினாளாம். கிளையைப் பூட்டப்போவதில்லை என்றார். நான் கை கூப்பினேன். அவர் சிடியில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"பிரமாதம் போங்க! இனிமே இங்க நூலகரே தேவையில்லை. மத்த கிளைங்களுக்கும் இதையே போட்டு விட்டுடலாம்."

புது வாசகி

ஓய்வுபெற்ற மூன்றாம் வாரம், வீட்டில் இருப்புக்கொள்ளாமல் போனேன். என் மேஜைமேல் டிவி இருந்தது, நாற்காலி இல்லை. கவுஸ் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கொரு கவிதைப் புத்தகம் வேண்டியிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அது இருக்கும் இடத்துக்குப் போய்விடுவேன். அலமாரியில் கை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். கம்பெனிச் சீருடையில், திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக வந்த பெண். என்னை அவளுக்குத் தெரிய நியாயமில்லை. கனிவாக என் முழங்கையைப் பிடித்து டிவி முன்னால் கிடந்த பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

"எம்மா, மொதல்ல படத்தப் பாருங்க. பாக்காம எடுத்தா தப்பா எடுத்துருவீங்கல்லா."

மூன்று நிமிடமும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு அதில் காட்டியபடியே எழுதி எடுத்துவந்தேன்; முப்பது வருடம் நூலகராக இருந்தவள் உதவியில்லாமல் ஒரு புத்தகம் எடுத்துவிட்டாள் என்றால், படம் நன்றாகத்தான் வந்திருக்க வேண்டும்.