சிவஞானம் எடுக்க மறுத்த அத்தியாயம்

நெருக்கடிநிலைக் காலம். கட்சிக்காரர் வந்து டீ குடித்துவிட்டுப் போனதிலிருந்து, டெல்லி கோல் மார்க்கெட் வீட்டில் சிவஞானத்துக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

லண்டனில் பாரிஸ்டர் படித்து, டெல்லியில் வக்கீலாகப் பேரெடுத்து, ஆளுங்கட்சி சார்பில் பெருநகர் மன்ற உறுப்பினராகவும் ஆனவர் அவர். கூடவே, ஓய்வுபெற்ற நீதிபதி ராமமூர்த்தியின் வாழ்க்கையையும் எழுதி முடித்திருந்தார். அதில் ஒரு அத்தியாயம்தான் வம்பாகிவிட்டது. விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த ரயில்வே தொழிலாளி ஒருவரை ராமமூர்த்தி விடுவித்த கதை அது. அந்த வழக்கில் அரசுக்காக வாதாடித் தோற்றவரே சிவஞானம்தான்.

அதை எடுத்துவிட்டால் அடுத்த தேர்தலிலும் சீட்டு உண்டு, எடுக்காவிட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று வந்தவர் தணிந்த குரலில் சொல்லியிருந்தார். பக்கத்துத் தெரு வாத்தியாரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாரமாகியும் தகவல் இல்லை.

சிவஞானம் கையெழுத்துப் பிரதியோடு கிட்வாய் நகரில் இருந்த ராமமூர்த்தி வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் பின்னால் ஒரு ஜீப் வருவதுபோலவே இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று நீதிபதியே சொல்லிவிட்டால் நல்லது என்று மனசு ஏங்கியது.

ராமமூர்த்தி அந்த அத்தியாயத்தை நிதானமாகப் படித்தார்.

"சலனமே இல்லாம தீர்ப்பு வாசிச்சேன்னு எழுதியிருக்கேள். அது பொய். அன்னிக்கு நான் பயந்துண்டேதான் வாசிச்சேன். அதைப் போடுங்கோ. அத்தியாயத்தை வைக்கறதும் எடுக்கறதும் உங்க இஷ்டம்."

வீட்டில் மனைவி அம்சவேணியிடம் யோசனை கேட்டார்.

"எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது," என்றாள். "ஆனா அதை எடுத்துப்போட்டீங்கன்னா, அப்புறம் இந்த வீட்டுல நிம்மதியா ஒரு வாய் சோறு எறங்காதுங்க."

அவர் அந்தப் பக்கங்களைத் திருத்தினார், எடுக்கவில்லை. அச்சகத்துக்காரர் பயந்துபோய் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுவாரம், குளித்துவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் போலீஸ் வந்தது. அம்சவேணி அழவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டி அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகுதான் அவரை விட்டார்கள். அதற்குள் ராமமூர்த்தி காலமாகியிருந்தார். புத்தகம் 1978-இல் வெளிவந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் பதவி தருவதாக அழைத்தும் சிவஞானம் போகவில்லை. இன்னும் இரண்டு நீதிபதிகளின் வாழ்க்கையை, அவர்கள் பயந்த இடங்களையும் மறைக்காமல் எழுதினார். கடைசி நீதிபதியின் மகன், அப்பாவைக் கோழையாகக் காட்டினால் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். வழக்கு வரவில்லை, புத்தகம் வந்தது.