கீழே சலவை, மேலே கடிகாரம், நடுவில் என் தம்பி

என் தம்பிக்குக் காய்கறி வாங்கத் தெரியாது. கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, "அவருக்கும் கட்டுப்படியாகணும் இல்லக்கா?" என்று என்னிடமே கேட்பான். ஆனால் நீதிமன்றத்தின் பின்கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இருக்கும் சமரச மையத்தில், பதினோரு வருடமாக அவன் சமரசர். அடுத்தவர் சண்டையைப் பேசித் தீர்க்க உதவுவதுதான் உத்தியோகம். "ஊருக்கெல்லாம் சமரசம், வீட்டுல நான் சொல்றதுதான் தீர்ப்பு" என்பாள் அவன் மனைவி. அவன் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அவன் சொல்லித் தெரிந்ததுதான். தப்பாக எழுதிவிடக் கூடாது என்று இதை அவனிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இதில் வரும் இருவரிடமும் நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

யார் வந்தாலும் முதல் நாளே எல்லா வழியையும் சொல்லிவிடுவது அவன் பழக்கம். நீங்களே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். பேச முடியவில்லை என்றால் என்னைப் போல ஒருவர் கூட இருக்கலாம். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், பேச வழி செய்வேன். தீர்ப்பே வேண்டும், ஆனால் நீதிமன்றம் வேண்டாம் என்றால், இருவரும் சேர்ந்து ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கலாம்; அவர் சொன்னது இருவரையும் கட்டும். எதுவும் சரிப்படாவிட்டால் நீதிபதி இருக்கவே இருக்கிறார். இதையெல்லாம் சொன்னால் உன்னிடம் யார் வருவார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எங்க கடைக்கு மட்டும் வாங்கன்னு கூப்பிடக் கூடாதுக்கா" என்றான்.

அந்த வழக்கு இதுதான். ஒரே கட்டடத்தில் கீழே ஒரு அம்மாளின் சலவைக்கடை, மேலே ஒரு வாட்ச்காரரின் அறை. சலவைக்கடையில் துணி பிழியும் இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால், மேலே மேசை நடுங்கும். அரிசியில் பாதிகூட இல்லாத திருகாணியை இடுக்கியில் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது எப்படி இருக்கும்? ஒரு வாரத்தில் மூன்று திருகாணிகள் தரையில் உருண்டு காணாமல் போயின. மூன்றாவதை முழங்காலிட்டுத் தேடியவர், எழுந்ததும் நேராக வக்கீலிடம் போய்விட்டார். இயந்திரத்தை நிறுத்த உத்தரவு வேண்டும் என்று வழக்கு. நீதிபதி மூன்று வாரம் கொடுத்து, பேசிப் பாருங்கள் என்று தம்பியிடம் அனுப்பினார். பேச்சு முறிந்தால் உத்தரவு வரும், இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் அந்த அம்மாளிடம் வேலை பார்க்கும் ஐந்து பெண்களும் போய்விடுவார்கள்.

தம்பியின் அறையில் நீள மேசை ஒன்று. அறையின் இரு பக்கமும் இரண்டு சிறு அறைகள். மனம் விட்டுப் பேச ஒவ்வொருவரையும் தனியாக அங்கே உட்கார வைப்பார்கள். ஒரு அறையில் கேட்டது, சொன்னவர் சம்மதமில்லாமல் மற்ற அறைக்குப் போகக் கூடாது. அவர்கள் தொழிலுக்கு அதுதான் உயிர்.

மூன்றாவது அமர்வில் சலவைக்கடை அம்மாள் சிறு அறையில் அவனிடம் மட்டும் சொன்னார்: ஆறு மாதத்தில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, வேறு தெருவில் இடம் பார்த்தாகிவிட்டது, அதுவரை கடை ஓடினால் போதும். யாருக்கும் தெரியக் கூடாது. தம்பி தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனான். வாட்ச்காரர் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு மணி நேரம் அவரோடு மல்லுக்கு நின்ற களைப்பில், "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார், ஆறு மாசம்தானே" என்று தம்பியின் வாய் சொல்லிவிட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது வெளியே தெரியாமல் இருக்க வழி இருந்தது. வாட்ச்காரருக்கு அது முழுதாகப் புரியக்கூட இல்லை, என்ன ஆறு மாதம் என்றுதான் கேட்டிருக்கிறார். தம்பி அவருக்குப் பதில் சொல்லாமல், இருவரையும் நீள மேசைக்குக் கூப்பிட்டு, தான் செய்த தவறைத் தானே சொன்னான்.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தானே தம்பி சொன்னேன்? அந்தப் பொண்ணுங்க காதுல விழுந்தா, நாளைக்கே வேற கடை பாத்துக்குவாங்க. அப்புறம் புதுக்கடையை நான் யாரை வெச்சுத் திறக்கிறது?"

தம்பி இந்த வழக்கிலிருந்து விலகுவதாக மேலதிகாரிக்கு எழுதினான். பிறகு முதல் நாள் சொன்ன வழிகளை மறுபடி சொன்னான். வேறு சமரசர் கேட்கலாம். இயந்திரம் தெரிந்த ஒரு பொறியாளரை நடுவராக வைக்கலாம். நீதிபதியிடமே திரும்பலாம். நாங்கள் யாருமில்லாமல் நீங்கள் இருவரே பேசலாம், அதற்கும் தடையில்லை. கடைசியில், தன்மேல் புகார் கொடுக்கும் படிவத்தையும் எடுத்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "அந்தம்மா கடை போயிடும்க்கா" என்றான். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அவர்கள் தம்பியின் அறையை விட்டு இறங்கும்போதே படிக்கட்டில் வேறொன்று நடந்திருக்கிறது. மூன்று வாரத்தில் அந்த இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம், என் தம்பியைத் திட்டியதுதான். படித்த மனுஷன் இப்படி உளறலாமா என்று அந்த அம்மாள் சொல்ல, பாவம் நல்லவன்தான், நாக்குதான் நீளம் என்று வாட்ச்காரர் சொல்ல, முதல் மாடி வந்துவிட்டது. அங்கே அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"நீங்க சொல்லிடுவீங்களா?"

"வாட்ச்சைத் திறக்கிறவனுக்கு மூடவும் தெரியும்மா" என்றார் அவர். "எனக்கு என் மேசை ஆடாம இருந்தாப் போதும்."

கீழே இறங்கியவர்கள் வாசலில் நின்றபடியே அரை மணி நேரம் பேசினார்கள். அவருக்குக் கை நடுங்கக் கூடாத வேலை எல்லாம் பதினொன்றிலிருந்து நான்கு வரை. அந்த நேரத்தில் இஸ்திரி மட்டும் போட்டால் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார். இயந்திரத்தின் கால்களுக்குத் தடிமனான ரப்பர் கட்டை வைத்தால் பாதி அதிர்வு போய்விடும் என்று வாட்ச்காரர் சொன்னார். இவ்வளவு நாள் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லையாம்.

மறுநாள் பத்தேகாலுக்கு இருவரும் மையத்துக்கு வந்தார்கள். பேசியதை எழுதி, நீதிபதி முன் வைத்து, வழக்கை முடிக்க வேண்டும். விலகியவன் தொடக் கூடாது என்று தம்பி மேலதிகாரியைக் கூட்டிவந்தான். எத்தனை நாளைக்கு இந்த ஏற்பாடு என்று அந்த அதிகாரி அம்மையார் கேட்டார். தேதி போட்டால் ரகசியம் தாளில் ஏறிவிடும். சலவைக்கடை அம்மாள் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்காரர் முந்திக்கொண்டார்.

"கீழ சலவைக்கடை இருக்கிறவரைக்கும்னு எழுதுங்க மேடம். அது போதும்."

அப்படியே எழுதினார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அம்மாள் கைப்பையிலிருந்து புகார்ப் படிவத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். நிரப்பாத படிவம். "கோபம் இன்னும் போகல" என்றார். "போனதும் சொல்லி அனுப்பறேன்."

ஐந்து பெண்களும் இப்போது புதுக்கடையில்தான் இருக்கிறார்கள். தம்பியின் சட்டைகளும் அங்கேதான் சலவைக்குப் போகின்றன. கோபம் போய்விட்டதாக அந்த அம்மாள் இதுவரை சொல்லி அனுப்பவில்லை. ஆனால் அவன் சட்டைக் காலர் மட்டும், தனியாகக் கவனித்துக் கஞ்சி போட்டதுபோல, மற்றவர்களுடையதைவிட விறைப்பாக நிற்கிறது என்பதை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.